சில்லறைக் காசில் ஜினீவா

ஜினீவா ஏரிக்கரையில் ஒரு சிற்றுண்டிச்சாலையின் வாசலில் விலைப் பட்டியலைப் பார்த்தபடி நாம் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றோம். ஒரு சிறு கோப்பைக் காப்பிக்கு 4 பிராங்குக்கு மேல் போட்டிருந்தது. ஸ்விட்ஜர்லாந்தின் பிராங்கு ஒன்று நமது நூறு ரூபாய்க்கும் அதிகம். நமது இல்லத்தரசி மனக்கணக்கில் வல்லவர். "நாலு பேருக்கு ஒரு வேளைக் காப்பி என்றால், ஊரில் ஒரு மாதத்துக் காப்பிப் பொடி ஆயிற்றே!" என்றார். பட்டியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குழந்தைகளுடன் மேலே நடந்தோம்.

அந்த நடையில் நாம் தெரிந்துகொண்டது ஒன்று. இந்நகரில் மேஜை முன் அமர்ந்து, பிறர் பரிமாற உண்பதற்குத்தான் பெருஞ் செலவு. ஊருக்குப் பொதுவாயுள்ளவற்றுக்குக் காசே இல்லை; அல்லது சொற்பக் காசு. ஓட்டலாயினும் சரி, இளைஞர் விடுதியாயினும் சரி, அங்கே தங்குவோருக்குத் தங்கும் நாட்கள் முழுவதும் டிராமிலும் பஸ்ஸிலும் இலவசமாய்ச் செல்ல ஒரு சீட்டு உண்டு. ஏரியின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடும் மஞ்சள் நிறச் சிறு படகுகளுக்கும் அதே சீட்டு செல்லும். வீதிதோறும் உள்ள நீரூற்றுக்களில் குடிநீர் தாராளமாய் ஓடுகிறது. புட்டியில் அடைத்த நீரைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஊருக்குப் புதியவர் என்று அறியலாம்.

சாப்பாட்டுக்கு மீக்ரோ என்னும் கூட்டுறவுக் கடையை நாடினோம். ரொட்டி, பாலாடைக் கட்டி, தயிர், பழம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு பூங்காவில் அமர்ந்தால் நம்மைப் போன்ற சைவர்களுக்குக் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடிவிடும். சனியன்றே வாங்கி வைப்பது உசிதம்.

இக்கடையின் சரித்திரம் சொல்லத் தக்கது. காட்லீப் டுட்வைலர் என்பவர் 1925-ஆம் வருஷம் ஜூரிச் நகரில் ஐந்து லாரிகளுடன் தொடங்கினார். இடைத்தரகர்களை விலக்கி அவர் வீதி வீதியாக விற்றவை ஆறே சாமான்கள்: காப்பி, அரிசி, சர்க்கரை, மாவுப் பண்டம், தேங்காய்க் கொழுப்பு, சோப்பு. கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம்மூர் மளிகைக் கடை ஞாபகம் வருகிறதல்லவா? 1941-ல் தம் ஸ்தாபனத்தைக் கூட்டுறவுச் சங்கமாக்கி வாடிக்கைக்காரர்களிடமே ஒப்புவித்தார். அக்கடைகளில் மது விற்பதில்லை. விற்கலாமா என்று 2022-ல் அங்கத்தினர்களிடம் வாக்குக் கேட்டபோது, பத்துப் பிராந்தியங்களிலும் வேண்டாம் என்றே தீர்ப்பாயிற்று. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் கொணர்ந்த மதுவிலக்கு சர்க்கார் சட்டம். இதுவோ வாங்குகிறவர்களே வகுத்துக்கொண்ட விரதம். (அதே ஸ்தாபனத்துக்குச் சொந்தமான வேறொரு கடைக் கூட்டத்தில் மது தாராளமாய்க் கிடைக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.)

மறுநாள் டிராமேறி சர்வதேச சங்கத்தின் பழைய மாளிகைப் பக்கம் சென்றோம். இப்போது அது ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியத் தலைமைக் காரியாலயம். உள்ளே சுற்றிப் பார்க்கக் கட்டணமுண்டு. நாம் வெளியிலேயே நின்றோம். அடிமைப்பட்டிருந்த இந்தியா அச்சங்கத்தின் ஆரம்ப அங்கத்தினர்களில் ஒன்று என்பது விசித்திரம். நம் பெயரால் அங்கே பேசியவர்களை அனுப்பியது பிரிட்டிஷ் அரசாங்கம். அருகிலுள்ள அரியானாப் பூங்காவில் காந்தியடிகள் சிலை வடிவில் அமர்ந்திருக்கிறார். அதைக் காண யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

1931 டிசம்பரில், லண்டன் வட்டமேஜை மகாநாட்டிலிருந்து வெறுங்கையுடன் திரும்பும் வழியில், காந்தியடிகள் இந்த ஏரியின் மறுகோடியிலுள்ள வில்னேவில் ரோமன் ரோலந்தின் விருந்தினராய்த் தங்கினார். 10-ஆந் தேதி ஜினீவாவின் விக்டோரியா மண்டபத்தில் பேசினார். ஆயுதமற்ற சிறு நாடு படையெடுப்பை எவ்வாறு தடுக்கும் என்ற கேள்விக்கு, ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் உயிருள்ள மதிலாய் எதிரே நிற்கட்டும் என்று விடையளித்தார். சிலையின் முன் நின்று இதைச் சொன்னபோது நம் மூத்த பெண், "நின்றார்களா?" என்று கேட்டாள். நாம் பதில் சொல்லவில்லை.

நகரின் மறுபுறம், டிராமிலேயே சென்றடையக்கூடிய ஸெர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிசாலைக்கு அனுமதி இலவசம். திங்களன்று மட்டும் விடுமுறை. அந்நிலையத்தின் வளாகத்தில் 2004-ல் இந்திய அரசாங்கம் அளித்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார்.

மாலையில் படகேறி பாக்கிக் குளிப்பிடத்துக்கு வந்தோம். பாக்கி என்பது அப்பேட்டையின் பெயர். கடன் வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டாம். ஏரிக்குள் நீண்ட பாலமும், அதன் முனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கமும், 1932-ல் கட்டிய உடைமாற்றும் அறைகளும் உள்ளன. எதிரே 140 மீட்டர் உயரத்துக்கு நீர்த்தாரை எழும்புகிறது. 1886-ல் ஒரு நீரழுத்த நிலையத்தில், தொழிற்சாலைகள் நின்றதும் ஏறும் அழுத்தத்தைத் தணிக்க வைத்த திறப்பே அதற்கு மூலம். வீணில் வெளியேறிய நீர் ஊரின் அடையாளமாகிவிட்டது.

கோடையில் இங்கே குளிக்கப் பெரியவர்களுக்கு 2 பிராங்கு அளவில்தான். பாங்கி முதலாளியும் தெருக் கூட்டுபவரும் ஒரே படியில் இறங்கி நீந்துகிறார்கள். எதிர்க்கரையிலும் இக்கரையிலும் உள்ள பெரிய ஓட்டல்களைப் பார்த்தால், இவ்வளவு விலையுள்ள கரையில் இது எப்படித் தப்பிற்று என்று வியப்பாயிருக்கும். தானாகத் தப்பவில்லை. நகர நிர்வாகம் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாய்க் கட்டத் தீர்மானித்தது. குளிக்க வருவோர் சங்கம் அமைத்தனர், கையெழுத்துத் திரட்டினர், 1988-ல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் இடிக்கக்கூடாதென்று வென்றனர். இன்றும் அச்சங்கமே அவ்விடத்தை நடத்திவருகிறது.

தண்ணீர் பனிபோல் இருந்தது. குழந்தைகள் அலறிக்கொண்டு இறங்கினார்கள், ஏற மறுத்தார்கள். படிக்கட்டில் அமர்ந்து இல்லத்தரசி அன்றைய கணக்கை எழுதினார். டிராம், இல்லை. படகு, இல்லை. ரொட்டியும் பழமும் இவ்வளவு, குளிப்பு இவ்வளவு. காப்பி என்று எழுதி, அதற்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும் இழுத்தார்.