இறக்கத்தில் தெரியும் வண்டியின் யோக்கியதை

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரையில், 2 அடி 6 அங்குல அகலமே உள்ள தண்டவாளத்தின்மீது ஒரு சின்ன ரயில் ஓடிய காலம் உண்டு. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு, சுமார் 19 மைல் தூரத்துக்குத் தேயிலையை இறக்கியும் தோட்டங்களுக்கு வேண்டிய சாமான்களை ஏற்றியும் வந்த அந்தப் பாதை, லொறிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் 1940களில் மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பிரதேசத்துக் கொழுந்தும், கரட்டும், லீக்ஸும், கோவாவும், உருளைக்கிழங்கும் வீதி ஒன்றையே நம்பிப் பிழைக்கவேண்டியதாயிற்று. ராகலையிலிருந்து வலப்பனை, படியபெலெல்ல, றிக்கில்லகஸ்கட வழியாகக் கண்டிக்குப் போனாலும், உடப்புசல்லாவை வழியாக வெலிமடைக்குப் போனாலும், சுமை ஏற்றிய வண்டி கீழ்நோக்கித்தான் போகவேண்டும். வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் மேலே ஏறவேண்டும். இந்தச் சிறு விஷயத்தை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால், இனிச் சொல்லப்போவது சுலபமாக விளங்கும்.

மோட்டார் வாகனம் என்றால் துரையின் ஜீப்பும் ஸ்டோர் லொறியும்தான் என்றிருந்த தோட்டங்களில், லயத்தில் பிறந்து வளர்ந்தவரின் பிள்ளை இன்று தன் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் சொந்தமாக ஒரு கெப் வண்டியை நிறுத்திவைத்திருப்பது சாமானியமான மாறுதலல்ல. வாரநாட்களில் மூடைகளையும், ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தையும் சுமக்கிற இந்த டபுள் கெப்பை அவர் பெற்ற பிள்ளையைப்போல் நேசிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நேசிப்பது வேறு, பராமரிப்பது வேறு என்பதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஹைலக்ஸுகளும் எல்-200களும் விலையில் பொன்னாகிவிட, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாகம் தேடி அலைவதும், கராஜ் பாஸிடம் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பதும், அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகித் தாமே ஸ்பேனரைக் கையில் எடுப்பதும் சொந்தக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டன. இந்தக் கடைசிப் பழக்கத்தை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன்.

ஆனால் நம்மவர்கள் கூடிப் பேசும்போது கவனித்திருக்கிறேன்: பேச்செல்லாம் ஏற்றத்தைப் பற்றியே. எந்தத் தோட்டத்துப் பாதையில், எத்தனை மூடையுடன், எந்தக் கியரில் ஏறியது என்பதே பெருமை. ஏற்றத்தில் ஒரு வண்டி தோற்றுப்போனால் என்ன நேரும்? நின்றுபோகும், சில்லுக்குக் கல் வைத்துவிட்டு மூடைகளை இறக்கலாம். இறக்கத்தில் தோற்றால் கல்லை எடுத்துவைக்க அவகாசம் இராது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துவந்த பஸ் ஒன்று கட்டுமீறிச் சென்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதில் ஏழு உயிர்கள் போயின. பஸ்ஸுக்கு உள்ள இயற்கை விதிதான் கெப்புக்கும் உள்ளது.

அந்த விதியைச் சற்றே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் சுமையுமாக 2.8 தொன் எடையுள்ள ஒரு கெப், ஆயிரம் மீற்றர் உயரம் கீழே இறங்குவதாக வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படுகிற சக்தி ஏறக்குறைய 80 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வளவு உஷ்ணமும் எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். கியரில் வைத்து இறக்கினால் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அனேகமாக முழுவதும் நான்கு பிரேக்குகளின் தலையில் விழும். ஆகையினால்தான் எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்மார் சொல்லிவைத்தார்கள். டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சினைப்போலக் காற்றை அடைத்து இழுத்துப்பிடிக்கும் குணம் குறைவாதலால், இன்னும் ஒரு கியர் குறைத்தே இறங்குவது உத்தமம் என்பேன்.

2021 முடிவில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூனில் 460 ரூபாயாக ஏறி, கியூ.ஆர். அட்டையுடன் வரிசையில் நின்ற அந்தக் கஷ்டகாலத்தில், இறக்கங்களில் நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிக்கும் வழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டது. அது வெறும் பிரமை. கியரில் இருக்கும்போது காலை அக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டால், பம்ப் டீசல் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் தானாகச் சுற்றிக்கொண்டிருப்பதற்காகச் சிறிதளவு குடித்துக்கொண்டேயிருக்கிறது. எஞ்சினையே நிறுத்திவிட்டு உருளவிடுவது அதனினும் பெரிய அபாயம். அநேக டீசல் வண்டிகளில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெக்கும் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. அது நின்றபின் இரண்டொரு மிதிக்குமேல் பெடல் கல்லாகிவிடும்.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் ஒயிலை மாற்றுவதில் காட்டுகிற சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையாவது நம்மவர்கள் பிரேக் ஒயிலில் காட்டுவதில்லை. குறைந்தால் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். அந்தத் திரவத்துக்கு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உண்டு. டொட் 3 என்று குறிக்கப்பட்ட திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தபட்சம் 205 பாகை செல்சியஸ் வரையில் கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது நியமம், நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். டொட் 4 வகைக்கு இவை 230, 155. வருஷத்தில் பெரும்பகுதி மூடுபனியும் தூறலுமாக இருக்கிற ராகலையில், ஈரத்துக்கு என்ன பஞ்சம்? மூன்று நான்கு வருஷம் மாற்றாத திரவத்துடன், சுமையோடு ஒரு நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்து வந்தால், சில்லுகளின் உஷ்ணம் ஏறி, குழாய்க்குள் திரவம் கொதித்து ஆவிக்குமிழாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சற்று ஆறியபின் கராஜுக்குக் கொண்டுபோனால் எல்லாம் செம்மையாகவே இருக்கும். பாஸும் குறையொன்றும் இல்லை என்று திருப்பி அனுப்புவார். அதுதான் இதிலுள்ள வஞ்சகம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதையும் வெளியேற்றிப் புதிது நிரப்புவதற்கு, பெடலை மிதிக்க ஒருவரும் சில்லருகே குந்த ஒருவரும் இருந்தால் போதும். ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை.

அடுத்தது ஸ்பிரிங் பட்டை. இந்த ரகத்துக் கெப் ஏறக்குறைய ஒரு தொன் சுமப்பதற்கென்று செய்யப்பட்டது. அதற்குமேல் ஏற்றவேண்டுமென்ற ஆசையினால் பின்பக்கம் இரண்டு மூன்று பட்டைகள் கூட்டிக்கொள்வது இங்கே சர்வசாதாரணம். ஹைலக்ஸ் முதலிய பல வண்டிகளில் பின்னச்சுக்கும் செஸிக்கும் நடுவே ஒரு கம்பியும், அதன் முனையில் ஒரு சிறு வால்வும் இருப்பதை அடியில் குனிந்து பார்த்தவர்கள் அறிவார்கள். சுமையினால் பின்புறம் தாழ்ந்தால், பின் பிரேக்குகளுக்கு அதிக அழுத்தத்தை அனுமதிப்பதே அந்த வால்வின் உத்தியோகம். பட்டை கூட்டிய வண்டியோ எவ்வளவு ஏற்றினாலும் தாழ்வதில்லை. வால்வும் பெட்டி காலியாக இருக்கிறதென்றே எண்ணிக்கொண்டு பின்சில்லுகளுக்குக் குறைந்த அழுத்தத்தையே விடுகிறது. ஆகவே, அதிகச் சுமை ஏற்றுவதற்காகச் செய்த உபாயம், அதிகச் சுமை இருக்கும் நேரம் பார்த்தே பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. பட்டை கூட்டியே தீரவேண்டுமென்றால் கம்பியின் நீளத்தையும் சரிபண்ணச் சொல்லிக் கேளுங்கள். கூட்டாதிருப்பதே என் அபிப்பிராயம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடவேண்டும். குளிர்ந்த இரவுகளில் அரைத்தாங்கியாக நிறுத்தினால் உள்ளே ஈரம் படியும். உரமூடை ஏற்றிய அன்றே பெட்டியைக் கழுவவேண்டும். உரம் கலந்த சேறு செஸியைத் தின்பதுபோல வேறெதுவும் தின்னாது. பழைய ஹைலக்ஸின் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றரில் மாற்றாதவர் எஞ்சினையே பணயம் வைக்கிறார். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்குமாதலால், அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடி, கொழும்பில் செய்யாத குறும்பை இங்கே செய்யும்.

கராஜே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பம்பும் இன்ஜெக்டரும் கைதேர்ந்தவர்களின் வேலை. தம் வண்டியின் அடிவயிற்றை மாதம் ஒருமுறையாவது பார்க்காத சொந்தக்காரர், கராஜில் சொல்லப்படுவது மெய்யா பொய்யா என்று எதைக்கொண்டு நிதானிப்பார்?

ஆகையால் பழைய கெப் ஒன்றை வாங்கப் போகும் அன்பர்கள், விற்பவர் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டியதோடு திருப்தியடைந்து முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். ஒரு பாரத்தை ஏற்றிக்கொண்டு ராகலையிலிருந்து வலப்பனைப் பக்கமாக இரண்டாம் கியரில் இறங்கிப் பார்த்து, அதன் பிறகு விலை பேசுங்கள்.