மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும்

இன்று உங்களோடு ஒரு போரைப்பற்றிப் பேச எண்ணுகிறேன். அப்போரில் ஒரு பக்கத்துப் படை 3 பேர். மறு பக்கத்துப் படை 15 பேர். மூவருக்கும் பல்லும் நகமும் உண்டு. பதினைவருக்கு ஓர் ஆயுதமும் இல்லை. எதிரியை ஒரு தடவையேனும் தாக்கும் உரிமைகூட இல்லை. ஆயினும் போரில் வெல்வது யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் பாட்டிமார் திண்ணையில் ஆடிய ஆடு புலி ஆட்டமே அப்போர். பதினைந்தாம் புலி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. நம் கோவை நகரில் தமிழரோடு கலந்து வாழும் கன்னடம் பேசுவோர் ஆடு ஹுலி என்றும், தெலுங்கு பேசுவோர் புலி மேக என்றும் இதனை அறிவர்.

வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகையால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்பேச்சை அச்சில் படிப்போருக்கும் இதையே சொல்வேன். கையால் வரைந்தவருக்கே களம் விளங்கும்.

தாளின் மேற்பக்கத்தில் நடுவே ஒரு புள்ளி இடுங்கள். அதுவே உச்சி. உச்சியிலிருந்து விசிறிபோல விரிந்து கீழே வரும்படி நான்கு கோடுகள் இழுங்கள். அவற்றின் அடி முனைகளை ஒரு கிடைக்கோட்டால் இணையுங்கள். இப்பொழுது ஒரு முக்கோணமும் அதனுள் இரண்டு கோடுகளும் தெரியும். இனி அம்முக்கோணத்தின் குறுக்கே மூன்று கிடைக்கோடுகள் போடுங்கள். இம்மூன்றும் முக்கோணத்துக்குள் அடங்கிவிடாமல் இரு புறமும் வெளியே நீண்டிருத்தல் வேண்டும். மூன்றின் இட முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். வல முனைகளையும் அவ்வாறே இணையுங்கள். களம் ஆயத்தமாகிவிட்டது.

கோடுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களே காய்கள் நிற்கும் இடங்கள். எண்ணிப் பாருங்கள். உச்சி 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் கோட்டுக்கு 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4. ஆக 23. வகுப்பில் இதனை எண்ணச் சொன்னபோதெல்லாம் 24 என்று கூறும் பிள்ளை ஒருவராவது இருந்ததுண்டு. உங்களுக்கும் 24 வந்தால் கோட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் கோடுகளாகிய இப்படத்துக்குப் புலி என்றும் ஆடு என்றும் ஏன் பெயர் வந்தது? உக்கடம் பெரிய குளத்தின் கரையில் நின்று மேற்கே நோக்குங்கள். வானம் தெளிந்திருந்தால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அங்கே வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறக்கும் நொய்யல்தான் இக்குளத்துக்கும் நீர் தருகிறது. மலையிலே காடு; காட்டிலே புலி; மலையடிவாரத்துச் சமவெளியிலே ஆட்டுப்பட்டி. கொங்கு நாட்டு வாழ்க்கையின் பழைய அமைப்பு இதுவே. மந்தையைக் காக்கப் புலியோடு போரிட்டு உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல்லைப் புலிகுத்திக் கல் என்பர். வீரன் தன் ஆயுதத்தைப் பாயும் புலியின் உடலில் செலுத்துவதாகச் செதுக்கிய அத்தகைய கற்கள் கொங்கு நாட்டில் பல இடங்களில் உள்ளன. இன்றும் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. சத்தியமங்கலம் 2013-ல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆதலின் உச்சியை மலை என்றும், இறங்கும் நான்கு கோடுகளை மலைப்பாதைகள் என்றும், குறுக்கே கிடக்கும் கட்டத்தை மேய்ச்சல் நிலம் என்றும் நான் கொள்வேன். அவ்வாறு கொண்டால் விதிகள் தாமே நினைவில் நிற்கும்.

விதிகளைச் சொல்கிறேன். புலிக்கு 3 கூழாங்கற்கள், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புலியை உச்சியில் வைத்து, மற்ற இரண்டையும் முதற்குறுக்குக் கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டில் வைப்பது ஒரு வழக்கு. புலிகளை ஒவ்வொன்றாக இறக்கும் வழக்கமும் உண்டு. ஆடுகள் தொடக்கத்தில் களத்துக்கு வெளியே இருக்கும். ஆட்டுக்காரர் தம் முறையில் ஓர் ஆட்டை ஏதேனும் காலியிடத்தில் வைப்பார். புலிக்காரர் தம் முறையில் ஒரு புலியைக் கோட்டின் வழியே பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்துவார். பதினைந்து ஆடுகளும் இறங்கும் வரையில் எந்த ஆடும் நகரக்கூடாது. இறங்கிய பின்னர் ஆடும் புலியைப்போலவே ஒரு முறைக்கு ஒரு புள்ளி நகரும்.

புலிக்கு மட்டும் ஒரு தனி உரிமை உண்டு. பக்கத்தில் ஓர் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி ஆட்டைத் தாண்டி அங்கே குதிக்கும். தாண்டப்பட்ட ஆடு வெட்டுண்டது. அது களத்தை விட்டு நீங்கும். இரண்டு ஆடுகள் அடுத்தடுத்து நின்றால் தாண்ட முடியாது. மற்றொரு புலியையும் தாண்டக்கூடாது. மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. அடைப்பதற்குப் போதிய ஆடுகள் இல்லாதபடி வெட்டிவிட்டால் புலிக்காரருக்கு வெற்றி. எத்தனை வெட்டினால் போதும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆட்டம் தொடங்குமுன் பேசி முடித்துக்கொள்வதே நல்லது. பின்னால் பேசினால் சண்டை வரும்.

கருவி முழுவதையும் ஒரு பக்கத்தார் கையில் கொடுத்துவிட்டு மற்றவரை வெறுங்கையோடு நிறுத்துவது நீதியா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்குப் போட்டே விடை காண்போம்.

இடக்குறுக்குக் கோட்டின் மேல் மூலையில் ஓர் ஆடு நிற்கிறது என்க. அதனைத் தாண்டிப் போக மறுபுறம் புள்ளியே இல்லை. ஆகவே அந்த ஆட்டை எந்தப் புலியாலும் எக்காலத்திலும் வெட்ட முடியாது. இத்தகைய புள்ளிகள் களத்தில் 7 உள்ளன: கட்டத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள், உச்சி. உச்சியில் புலி அமர்ந்திருப்பதால் அதனை விட்டுவிடுவோம். இடப்புறத்து இரு மூலைகளிலும் ஆடுகள் நின்றால் அவற்றின் நடுவே நிற்கும் ஆட்டுக்கும் ஆபத்தில்லை, வலப்புறத்திலும் அப்படியே. அடிக்கோட்டின் இரு முனைகளிலும் ஆடுகள் நின்றால் உள்ளே உள்ள இரண்டுக்கும் ஆபத்தில்லை. இடப்புறம் 3, வலப்புறம் 3, அடிக்கோடு 4. ஆகப் பத்து ஆடுகள், தாம் நின்ற இடத்தில் நிற்கும் வரையில், புலியைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆயுதமற்றவருக்குக் களத்தின் ஓரமே கோட்டை.

அங்ஙனமாயின் ஆட்டுக்காரர் ஓரத்தை நிரப்பிவிட்டுச் சும்மா இருக்கலாமே என்பீர்கள். இருக்க விடமாட்டார்கள். பதினைந்தும் இறங்கிய பின்னர் முறை வரும்போதெல்லாம் ஏதேனும் ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும். ஓரத்தில் பத்துப் போக மீதி ஐந்து ஆடுகள் உள்ளே இருக்கும். உள்ளே இருப்பவை 13 புள்ளிகள். அவற்றுள் புலிகள் 3, ஆடுகள் 5, வெற்றிடம் 5. ஓர் ஆடு நகர்ந்தால் அது விட்டுச்சென்ற இடம் காலியாகிறது. அந்தக் காலியிடமே புலிக்கு வாசல். முன்னே செல்லும் ஆட்டைப் பார்த்துக்கொண்டு, பின்னே திறந்த வாசலைப் பாராதவர் தோற்பார். புதிதாக ஆடுவோரின் ஆடுகளுள் பெரும்பகுதி இவ்வாறுதான் போகிறது.

பாதுகாப்பு என்பதும் ஒரு திசையில் மட்டும் இருக்கக்கூடும். உதாரணமாக, முதற்கோட்டின் இட முனையில் ஓர் ஆடும், அதற்கு அடுத்து முக்கோணத்தின் ஓரத்தில் ஓர் ஆடும் நிற்கின்றன. வலப்புறத்திலிருந்து வரும் புலிக்கு இவை இரட்டைச் சுவர். ஆனால் உச்சியில் இருக்கும் புலி சாய்கோட்டின் வழியே இரண்டாவது ஆட்டைத் தாண்டி இரண்டாங்கோட்டில் இறங்கிவிடும். ஒவ்வோர் ஆட்டுக்கும் அதன்வழிச் செல்லும் கோடுகள் அத்தனையையும் பார்த்தே காவல் வைக்க வேண்டும்.

இனிப் புலியின் நிலையைப் பார்ப்போம். ஆடு ஓரத்தைப் பிடிக்காமல் தடுக்க வேண்டுமானால் புலியே ஓரத்துக்குப் போய் அமர வேண்டும். அங்கே அதற்கு ஒரு தொல்லை காத்திருக்கிறது. களத்தின் நடுவே, இரண்டாங்கோட்டின் உட்புள்ளியில், தனியே நிற்கும் புலியை அடைக்க 8 ஆடுகள் வேண்டும். நான்கு திசையிலும் இரட்டைச் சுவர். கட்டத்தின் மூலையில் நிற்கும் புலியை அடைக்க 4 ஆடுகளே போதும். நடுவில் நின்றால் ஆடுகளுக்கு ஓரம் கிடைக்கிறது. ஓரத்துக்குப் போனால் தன் கழுத்துக்குக் கயிறு வருகிறது. புலிக்காரரின் ஆட்டம் முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையே ஊசலாடுவதுதான்.

என் மாணவர்களுள் எல்லோரும் முதலில் புலியையே கேட்பார்கள். ஆகையால் இருவர் அமர்ந்தால் இரண்டு ஆட்டம், பக்கம் மாறி ஆட வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். சில வாரங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கத் தொடங்கினர்.

இக்காலத்தில் சிலர், ஆடுகள் அனைத்தும் இறங்கும் வரையில் புலி வெட்டக்கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்து ஆடுகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு இரக்கம் காட்டும் எண்ணத்தால் வந்த விதியாக இருக்கலாம். எனக்கு அது உடன்பாடன்று. புலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே எந்த ஆட்டை எங்கே முதலில் இறக்குவது என்பதில்தான் பாதி அறிவு வேலை செய்கிறது. அதனை நீக்கினால் ஆட்டுக்காரர் சிந்திக்காமலே கோட்டைக்குள் புகுந்துவிடுவார்.

மேல்நாட்டில் போர் விளையாட்டு வேறு வழியாக வளர்ந்தது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு 1812-ல் அரச குடும்பத்தாருக்கு ஒரு போர் விளையாட்டை அமைத்துக் காட்டினார். அவருடைய மகன், படை அதிகாரி, அதனைத் திருத்தி 1824-ல் விதிநூல் வெளியிட்டார். படைகளைக் குறிக்கும் கட்டைகளை நிலப்படத்தின்மேல் நகர்த்த வேண்டும். போரில் குறுக்கிடும் அதிர்ஷ்டத்துக்காகப் பகடை உருட்ட வேண்டும். நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார். அந்நாட்டுச் சேனை அதிகாரிகள் அதைக்கொண்டு பயிற்சி பெற்றனர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல் தகரச் சிப்பாய்களையும் பொம்மைப் பீரங்கிகளையும் கொண்டு ஆடும் விதிகளை ஒரு சிறு நூலாக எழுதினார். அமெரிக்காவில் 1971-ல் கைகாக்ஸ், பெரன் என்னும் இருவர் இடைக்காலப் போர்களுக்கு விதி எழுதி, அதன் பின்னிணைப்பில் பறவைநாகத்தையும் மந்திரவாதியையும் சேர்த்தனர். இங்கிலாந்தில் 1983-ல் வெளிவந்த வார்ஹாமர் என்னும் ஆட்டத்தில் கற்பனை உலகம் ஒன்றே படைக்கப்பட்டது. குள்ளர், வனவாசிகள், அரக்கர் எனப் பல படைகள். படைக்கு ஒரு குணம், குணத்துக்கு ஒரு விதி.

இப்புதிய ஆட்டங்களில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஒரு பெரிய அரக்கனைக் கொண்டுவருபவர் அதற்கு ஈடாகப் பல சிப்பாய்களை இழக்க வேண்டும். இரு பக்கத்து மதிப்பெண்ணும் சமமாக வர வேண்டும். நம் ஆட்டத்திலும் இக்கணக்கு இருக்கிறதன்றோ? ஒரு புலிக்கு ஐந்து ஆடு. இருவருக்கும் ஒரே படையைக் கொடுத்துச் சமப்படுத்துவது சதுரங்கத்தின் முறை. வேறு வேறு படை, வேறு வேறு சட்டம், வேறு வேறு வெற்றி என்று கொடுத்துச் சமப்படுத்துவது ஆடு புலியின் முறை. பகடையும் இல்லை, நடுவரும் இல்லை. ஐரோப்பாவில் ஒரு நரிக்கும் பல வாத்துகளுக்கும் நடக்கும் பழைய ஆட்டமொன்று இந்த இனத்தைச் சேர்ந்தது.

நேபாளத்தில் ஆடப்படும் பாக் சால் நம் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு. அதன் களம் வரிசைக்கு ஐந்தாக 25 புள்ளிகள். நான்கு மூலையிலும் 4 புலிகள், எதிரே 20 ஆடுகள். ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், நீவர்கெல்ட் என்னும் இரு கணிப்பொறி அறிஞர்கள் அதனை ஆராய்ந்து, இரு பக்கத்தாரும் பிழையின்றி ஆடினால் எவருக்கும் வெற்றி இல்லை என்று நிறுவினர். அவர்களுடைய கட்டுரை 2009-ல் நூலில் வெளிவந்தது. நான்கு புலிக்கு இருபது ஆடு என்பதும் ஒன்றுக்கு ஐந்தே. கணிப்பொறி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த நிறையைக் கண்டவர் யாரோ!

நம் களங்களைப் பழைய கோயில் மண்டபங்களின் தரைக்கற்களிலும், ஊர்ப்புறத்துப் பாறைகளிலும் கீறி வைத்திருக்கிறார்கள். தரையின் வயதே கோட்டின் வயது என்று கொண்டுவிடக்கூடாது. கல் போட்டுப் பல தலைமுறைக்குப் பின்னரும் எவரேனும் கீறியிருக்கலாம். ஆயினும் திருப்பணியின்போது அத்தரையின்மேல் புதுக்கல் பதித்துவிட்டால் களமும் மறைந்துபோகும். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் தாளில் வரைந்து, இடமும் நாளும் குறித்து வையுங்கள். கோடுகளையும் புள்ளிகளையும் எண்ணிப் பாருங்கள். 23 வராத களமும் உங்கள் கண்ணில் படலாம்.

முடிக்குமுன் ஒரு கணக்குத் தருகிறேன். புலிகள் மூன்றும் தொடங்கிய இடத்திலேயே, அதாவது உச்சியிலும் முதற்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் நிற்கின்றன. அவற்றை அங்கேயே அடைக்க 10 ஆடுகள் போதும். அந்தப் பத்தும் எங்கெங்கே நிற்க வேண்டும்? அடுத்து, மூன்று புலிகளும் கட்டத்தின் இடப்பக்கத்துக் கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன என்க. இப்பொழுது 6 ஆடுகளே போதும். கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் வைத்துப் பாருங்கள். ஐந்து ஆடுகளால் மூன்று புலிகளையும் அடைக்கக்கூடிய அமைப்பு ஏதேனும் இக்களத்தில் உண்டா? இல்லை என்று சொல்வதானால், ஏன் இல்லை என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும்.