திரையில் 15 பேர், தாளில் 12 பேர்!
கணினிக் கணக்கைப் பிரிண்ட் எடுக்கும்போது வரும் சிக்கல்கள்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எல்லாக் கணக்கையும் நோட்டில் எழுதி வந்த நாம், இப்போது கூட்டமைப்பு அலுவலகக் கணினியிலும் ஏற்றி வைக்கிறோம். கூட்டல் கழித்தலை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆனால் பிரிண்ட் எடுக்கும்போதுதான் வினையே வருகிறது. எங்கள் கூட்டமைப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

ஒரு குழுவில் முதலில் 12 உறுப்பினர்கள் இருந்தார்கள். பிறகு 3 பேர் சேர்ந்து 15 ஆனது. ஆளுக்கு 20,000 ரூபாய் வீதம் 3,00,000 ரூபாய் வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் தயார் செய்தோம். பட்டியலைக் கணினியில் அடித்து, பிரிண்ட் எடுத்து, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு வங்கியில் கொடுத்தாச்சு. இரண்டு நாளில் திரும்பி வந்தது. "மேலே மொத்தம் 3,00,000 என்று இருக்கிறது, கீழே பெயர்களைக் கூட்டினால் 2,40,000தான் வருகிறது" என்று எழுதியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் தாளில் 12 பெயர்தான்! புதிதாகச் சேர்ந்த 3 பேர் பெயரும் இல்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. "ஏன்க்கா, புதுசா வந்தவங்கன்னு எங்க பேரை எடுத்துட்டீங்களா? அந்த 60,000 யாருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். ஊக்குநர் அக்கா அழுதேவிட்டார். கணினியைத் திறந்து காட்டினால் திரையில் 15 பேரும் வரிசையாக இருக்கிறார்கள்! பட்டியலை அடித்தது நான்தான். அடித்தது சரி. பிரிண்ட் எடுத்ததில்தான் தப்பு.

பிரிண்ட் எல்லை என்று ஒன்று இருக்கிறது

நாங்கள் வைத்திருப்பது லிப்ரே ஆபீஸ். 2000-களில் ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-ல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் இது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இதில் கணக்குப் போடும் பகுதிக்கு கால்க் என்று பெயர். மெனுவில் இங்கிலீஷில் இருக்கிற பெயரைக் காதில் விழுகிறபடியே கீழே எழுதியிருக்கிறேன், தேடிப் பிடிக்க வசதியாக இருக்கும்.

கால்க்கில் "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை மட்டும் பிரிண்ட் எடு" என்று எல்லை கட்டி வைக்கலாம். 12 பேர் இருந்த காலத்தில் யாரோ (நானாகத்தான் இருக்கும்) 15-ஆம் வரிசை வரை எல்லை கட்டி வைத்திருக்கிறோம். தலைப்புக்கு 3 வரிசை, உறுப்பினர்களுக்கு 12. புதியவர்கள் 16, 17, 18-ஆம் வரிசையில் அடிக்கப்பட்டார்கள். எல்லைக்கு வெளியே இருப்பதைக் கணினி பிரிண்ட் எடுக்காது. எச்சரிக்கையும் செய்யாது! மொத்தம் மட்டும் மேலே தலைப்பில் இருந்ததால் 15 பேருக்கும் சேர்த்துச் சரியாக வந்துவிட்டது. மொத்தம் கடைசி வரிசையில் இருந்திருந்தால் அதுவும் காணாமல் போயிருக்கும், அப்போதே பிடித்திருப்போம். அன்றிலிருந்து நான் மொத்தத்தை அடியில்தான் போடுகிறேன்.

சரிசெய்வது சுலபம். ஃபார்மட் மெனுவில் பிரிண்ட் ரேஞ்சஸ் என்று இருக்கும். அதில் எடிட் என்பதைத் தட்டினால் சின்ன ஜன்னல் திறக்கும். பிரிண்ட் ரேஞ்ச் என்ற இடத்தில் "என்டயர் ஷீட்" என்று மாற்றுங்கள். அவ்வளவுதான், முழுத் தாளும் வரும். எல்லை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், புது உறுப்பினரைக் கடைசிப் பெயருக்குக் கீழே காலி இடத்தில் அடிக்காதீர்கள். கடைசிப் பெயருக்கு மேலே ஒரு வரிசையை நுழைத்து அதில் அடியுங்கள். நடுவில் நுழைத்தால் எல்லையும் கூடவே நீளும்.

பெயர் காணாமல் போக இன்னொரு வழியும் உண்டு. தவணை கட்டாதவர்களை மட்டும் பார்க்க வடிகட்டி போட்டிருப்போம், அதை எடுக்க மறந்திருப்போம். மறைந்திருக்கிற வரிசைகள் பிரிண்டிலும் வராது. இடது ஓரத்தில் வரிசை எண் 4, 5, 9, 12 என்று தாவித் தாவிப் போகிறதா என்று பாருங்கள். போனால் நடுவில் ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள்!

பிரிண்ட் கொடுக்கும் ஜன்னலிலும் எல்லா ஷீட்டுமா, தேர்ந்தெடுத்த ஷீட்டா, தேர்ந்தெடுத்த கட்டங்களா என்று ஒரு கேள்வி இருக்கும். கட்டங்கள் என்று இருந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த துண்டு மட்டும் வந்து நிற்கும்.

பத்தி பத்தியாய்ப் பிய்ந்து வருகிறதா?

எல்லோரும் சொல்லும் குறை இதுதான். பெயர் ஒரு தாளில், கடன் நிலுவை அடுத்த தாளில். ஒட்டி ஒட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. இதற்குக் காரணம் வெறும் அளவுதான். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரண்டு பக்கமும் 2 செ.மீ. ஓரம் விட்டால் மிச்சம் 17. கால்க் வழக்கமாக ஒரு பத்திக்கு ஏறத்தாழ இரண்டேகால் செ.மீ. எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 7 பத்திதான் கொள்ளும். நம் மாதக் கணக்கிலோ 12 பத்தி! மிச்சம் அடுத்த தாளுக்குத்தான் போகும்.

முதலில் தாளைக் குறுக்கே திருப்புங்கள். ஃபார்மட் மெனுவில் பேஜ் ஸ்டைல், அதில் பேஜ் என்ற பகுதி, அங்கே லேண்ட்ஸ்கேப். இப்போது 11 பத்தி கொள்ளும். வரிசை எண், உறுப்பினர் எண் போன்ற பத்திகளை இரண்டு இலக்கம் பிடிக்கிற அளவுக்கு ஒடுக்கிவிட்டால் 12-ம் உள்ளே வந்துவிடும்.

அப்படியும் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சுருக்கச் சொல்லலாம். அதே பேஜ் ஸ்டைலில் ஷீட் என்ற பகுதிக்குப் போங்கள். ஸ்கேலிங் மோட் என்ற இடத்தில் அகலம், உயரம் கேட்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அகலத்துக்கு 1 என்று போடுங்கள். உயரத்தைக் காலியாக விடுங்கள். இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். உயரத்துக்கும் 1 போட்டால், 60 பேர் பட்டியலாக இருந்தாலும் ஒரே தாளில் திணித்துவிடும். எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். நம் பாட்டிமார்கள் எப்படிப் படிப்பார்கள்? அகலத்தை மட்டும் அடக்கினால் போதும், நீளத்துக்கு எத்தனை தாள் வந்தாலும் வரட்டும்.

ஒரு தாளைக் குறுக்கே திருப்பினால் அதே கோப்பில் இருக்கிற மற்ற தாள்களும் திரும்பிவிடுகின்றன என்று ஒரு தங்கை போனில் சொன்னாள். உண்மைதான். எல்லாத் தாளும் ஒரே பேஜ் ஸ்டைலைப் பயன்படுத்துவதால் அப்படி ஆகிறது. எஃப்11 விசையைத் தட்டி, வருகிற பட்டியலில் பேஜ் ஸ்டைல் பகுதியில் புதிதாக ஒன்றை உண்டாக்கி, திருப்ப வேண்டிய தாளுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.

பட்டியல் இரண்டு, மூன்று தாளுக்குப் போனால் இரண்டாவது தாளில் தலைப்பு இருக்காது. எது சேமிப்பு, எது வட்டி என்றே தெரியாது. தணிக்கையாளர் கேட்பது முதலில் இதைத்தான். முன்பு சொன்ன பிரிண்ட் ரேஞ்சஸ், எடிட் ஜன்னலிலேயே "ரோஸ் டு ரிப்பீட்" என்று இருக்கும். தலைப்பு முதல் 3 வரிசை என்றால் அங்கே $1:$3 என்று அடியுங்கள். ஒவ்வொரு தாளிலும் தலைப்பு வரும்.

வேறு சில்லறைத் தொல்லைகள்

தொகை இருக்க வேண்டிய இடத்தில் ### என்று வந்தால் பயப்படாதீங்க, பணம் எங்கும் போகவில்லை. பத்தி குறுகலாக இருக்கிறது, எண் கொள்ளவில்லை. மேலே பத்தி எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் கோட்டில் இரண்டு முறை தட்டினால் தானாக அகலமாகும். சில நேரம் திரையில் சரியாக இருந்து பிரிண்டில் மட்டும் ### வரும், அதனால் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள்.

கட்டம் போட்ட கோடுகள் திரையில் தெரிகின்றன, தாளில் வரவில்லையா? அவை கண்ணுக்கு உதவியாகக் காட்டுபவை. தாளிலும் வேண்டும் என்றால் பேஜ் ஸ்டைலில் ஷீட் பகுதியில் கிரிட் என்பதில் டிக் போடுங்கள்.

வெற்றுத் தாள் வந்து விழுகிறது என்றால் எங்கோ தூரத்து மூலையில் ஒரு கட்டத்தில் தெரியாமல் ஸ்பேஸ் தட்டியிருப்பீர்கள். கன்ட்ரோலையும் என்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால், கணக்கு எதுவரை நீண்டிருக்கிறது என்று கணினி கூட்டிப்போய்க் காட்டும். தேவையில்லாத வரிசைகளை அழித்துவிடுங்கள்.

தாள் வைத்திருந்தும் பிரிண்டர் விளக்கு மினுக்கிக்கொண்டே நிற்கிறது என்றால் தாள் அளவைப் பாருங்கள். கணினியில் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் புதிய கோப்பு லெட்டர் என்ற அளவில் தொடங்கும். அது ஏ4-ஐ விட 18 மி.மீ. குட்டை, 6 மி.மீ. அகலம் கூட. பேஜ் ஸ்டைலில் பேஜ் பகுதியில் ஏ4 என்று மாற்றுங்கள். அதுவும் சரியாக இருந்து ஒன்றுமே வரவில்லை என்றால், முன்னால் கொடுத்த வேலை ஏதாவது சிக்கி வரிசையை அடைத்துக்கொண்டிருக்கும். அதை நீக்காமல் திரும்பத் திரும்பப் பிரிண்ட் தட்டினால், அடைப்பு எடுபட்டதும் பத்துப் பிரதி வந்து கொட்டும். மையும் போச்சு, தாளும் போச்சு!

கடையில் பிரிண்ட் எடுப்பவர்களுக்கு

எல்லாக் கூட்டமைப்பிலும் பிரிண்டர் இல்லை. பென்டிரைவில் போட்டுக்கொண்டு டவுனில் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம். கடைக் கணினியில் லிப்ரே ஆபீஸ் இருக்காது, எக்செல் இருக்கும். அதில் திறந்தால் அகலமும் பக்கப் பிரிவும் மாறலாம். தமிழ் எழுத்துக்கு இன்னும் மோசம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். யூனிகோடு முறையில் அடித்தால் இந்தக் குழப்பம் இல்லை. 2010-ல் தமிழ்நாடு அரசும் தமிழுக்கான தரமாக யூனிகோடை ஏற்று அறிவித்தது. பழைய கோப்புகளை ஒரே நாளில் மாற்ற முடியாதுதான். புதுக் கோப்பையாவது யூனிகோடில் தொடங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் பிடிஎஃப் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ், அதில் பிடிஎஃப். எழுத்துருவும் கோப்புக்கு உள்ளேயே போய்விடும், எந்தக் கடையில் திறந்தாலும் நம் கணினியில் பார்த்த மாதிரியே இருக்கும். ஆனால் ஒன்று. எல்லை கட்டியிருந்தால் பிடிஎஃபிலும் அந்த 12 பேர்தான் வருவார்கள்!

எனவே பிரிண்ட் தட்டுவதற்கு முன் ஃபைல் மெனுவில் பிரிண்ட் பிரிவியூ போய்ப் பாருங்கள். தாளில் வரப்போவது அப்படியே திரையில் தெரியும், ஒரு பைசா செலவில்லை. அங்கேயே பெயர்களை எண்ணுங்கள். தீர்மான நோட்டில் வருகைப் பதிவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

எங்கள் குழுவுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? எல்லோர் முன்னாலும் கணினியை வைத்து, எல்லையை மாற்றி, மறுபடி பிரிண்ட் எடுத்தோம். 15 பேரும் வந்தார்கள். கேள்வி கேட்ட அந்தத் தங்கையிடமே தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னோம். படித்து முடித்ததும், "அக்கா, இனி நானே எண்ணிப் பார்த்துத் தர்றேன்" என்றாள். இப்போது எந்தப் பட்டியலும் அவள் எண்ணாமல் கையெழுத்துக்குப் போவதில்லை.