காசு கொடுத்து வாங்கிய பழைய மென்பொருள் புதுக் கணினியில் ஏன் ஓடுவதில்லை?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மென்பொருள். சிடியில் கீறல் இல்லை, சீரியல் எண்ணும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் புதுக் கணினியில் நிறுவினால் ஓட மறுக்கிறது, அப்டேட்டும் ஏறுவதில்லை. மென்பொருள் பழுதாகிவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். அதில் ஒரு பிட்கூட மாறியிருக்காது. அதைச் சுற்றி இருந்தவைதான் மாறிவிட்டன. மாறியது எது என்று தெரிந்துகொண்டால், மீட்கும் வழியும் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

முதலில் மாறுவது பிராசஸர். மென்பொருள் என்பது பிராசஸருக்கான கட்டளைகளின் தொகுப்பு. ஒவ்வொரு பிராசஸர் குடும்பத்துக்கும் தனிக் கட்டளை மொழி உண்டு. ஆப்பிளின் மேக் கணினிகள் 1994இல் மோட்டோரோலா சில்லுகளிலிருந்து பவர்பிசிக்கும், 2006இல் இன்டெலுக்கும், 2020இல் ஆப்பிளின் சொந்த எம்1 சில்லுக்கும் மாறத் தொடங்கின. இன்டெலுக்கு மாறியபோது, பவர்பிசி கட்டளைகளை உடனுக்குடன் மொழிபெயர்த்துத் தரும் ‘ரொசெட்டா’வை ஆப்பிள் சேர்த்துக் கொடுத்தது. 2011இல் வெளியான லயன் பதிப்பில் அதை நீக்கிவிட்டது. பவர்பிசி மேக்குக்கென வாங்கிய மென்பொருள்களுக்கு அதன்பின் புதிய மேக்கில் இடமில்லாமல் போயிற்று.

அடுத்தது பிட் கணக்கு. 32 பிட் மென்பொருள் ஒன்று 4 ஜிபி நினைவகத்தைத்தான் முகவரியிட முடியும். 64 பிட்டுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டையும் ஓட்ட வேண்டுமானால் இயங்குதளம் தன் துணை நூலகங்களை இரண்டு தொகுதிகளாக வைத்துப் பராமரிக்க வேண்டும். 2019 அக்டோபரில் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் தொகுதியைக் கைவிட்டது. முந்தைய நாள்வரை ஓடிய விளையாட்டுகளும் ஓவிய மென்பொருள்களும், இயங்குதளத்தை மாற்றியதும் நின்றுபோயின.

விண்டோஸின் கதை வேறு. 64 பிட் விண்டோஸ் 32 பிட் மென்பொருளை ஓட்டும். 16 பிட்டை ஓட்டாது. 1990களில் வந்த பல மென்பொருள்கள் 32 பிட்டாக இருந்தும், அவற்றை நிறுவித் தரும் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டில் எழுதப்பட்டிருந்தது. ஓடக்கூடிய மென்பொருளே இன்ஸ்டாலர் திறக்காததால் முடங்கிக் கிடக்கிறது. பழைய விளையாட்டு சிடிகளில் இருந்த ‘சேஃப்டிஸ்க்’ என்னும் நகல் தடுப்புப் பூட்டை, பாதுகாப்பு ஓட்டை காரணமாக விண்டோஸ் 10 ஏற்பதில்லை. திருட்டு நகலைத் தடுக்கப் போட்ட பூட்டு, முறையாக வாங்கியவரையே வெளியே நிறுத்துகிறது.

அப்டேட்டுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. பல அப்டேட் கோப்புகளில் முழு மென்பொருள் இருக்காது. முந்தைய பதிப்பிலிருந்து மாறிய பகுதிகள் மட்டுமே இருக்கும். இடையில் ஒரு பதிப்பு விடுபட்டாலும் அடுத்தது ஏறாது. பழைய மென்பொருள் பேசும் டிஎல்எஸ் 1.0 பாதுகாப்பு முறையை இன்றைய சர்வர்கள் பலவும் நிராகரிக்கின்றன. லைசென்ஸைச் சரிபார்க்கும் சர்வரையே நிறுவனம் மூடிவிட்டால், சரியான சீரியல் எண்ணும் பயன்படாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அதில் லைசென்ஸை விடுவித்துவிடுங்கள். பல மென்பொருள்களில் இதற்கெனத் தெரிவு இருக்கும். கடைசி அப்டேட் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். விண்டோஸில் முதலில் ‘கம்பாட்டிபிலிட்டி’ முறையில் ஓட்டிப் பாருங்கள். சரிவராவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, பழைய இயங்குதளத்தை அதில் நிறுவலாம். இணையத்தோடு மட்டும் இணைக்க வேண்டாம். டாஸ் காலத்து மென்பொருளுக்கு டாஸ்பாக்ஸ் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் உழைப்பில் உருவான கோப்புகளைப் பிடிஎஃப், டிஃப், வெறும் உரை போன்ற பொது வடிவங்களிலும் மாற்றி வையுங்கள். மென்பொருளுக்கு மாற்று கிடைக்கும். உங்கள் கோப்புகளுக்குக் கிடைக்காது.

விற்றவருக்கும் ஒரு கடமை உண்டு. அடோபி தன் சிஎஸ்2 மென்பொருள் தொகுப்பின் சரிபார்ப்பு சர்வர்களை நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்காகச் சரிபார்ப்பே தேவைப்படாத பதிப்பை 2013இல் வெளியிட்டது. ஆகவே இது செய்யக்கூடியதுதான். சர்வரை மூடுகிற ஒவ்வொரு நிறுவனமும், காசு கொடுத்தவருக்குப் பூட்டில்லாத கடைசிப் பதிப்பைக் கொடுத்துவிட்டே மூட வேண்டும். அதை வாங்கியவர்கள் உரிமையாகவே கேட்கலாம்.