வயலும் வழக்கும்: இடைக்காலத் தடையாணை

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் பட்டா ஒருவர் பெயரிலும் ஏர் மற்றொருவர் கையிலும் இருப்பது நெடுங்கால வழக்கம். வாய்மொழியாகவே பேசி முடிக்கப்பெற்ற குத்தகையில் பிணக்கு நேருமாயின், இரு தரப்பாரும் முதலில் நாடுவது இடைக்காலத் தடையாணையையே. அதன் தன்மையை நாம் தெளிவுற அறிதல் நன்று.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 39 இவ்வாணைக்கு அடிப்படை. நீதிமன்றம் மூன்றினை ஆராயும். முதல் நோக்கில் வழக்குக்கு வலிமை உண்டா? ஆணையால் எவருக்கு இன்னல் மிகுதி? பின்னர்ப் பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பு நேருமா? இம்மூன்றிலும் 'நிலம் யாருக்குச் சொந்தம்' என்னும் இறுதித் தீர்ப்பு இல்லை. எனவே, தடையாணை பெற்றவரே உரிமையாளர் என ஊரார் கருதுவது பிழையாகும்.

ஆயினும் உழவர்க்கு இவ்விடைக்காலமே வாழ்வுக்காலம். மேட்டூர் நீர் வந்து நாற்று முதிர்ந்த வேளையில் வயலில் இறங்கத் தடை விழுந்தால், வழக்கு முடியுமுன் ஒரு போகமே போய்விடும். இதனை உணர்ந்தே, எதிர்த்தரப்பைக் கேளாது பிறப்பித்த ஆணை குறித்து 30 நாள்களுக்குள் முடிவு காண முயல வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. வழக்கு வருமென அஞ்சுவோர் முன்கூட்டியே கேவியட் மனு அளிக்கலாம். அது 90 நாள்கள் செல்லும்.

உழுவோரைக் காக்கத் தனிச் சட்டங்களும் தோன்றின. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்தன. பின்னிரண்டின் கீழ் வருவாய் அதிகாரிகள் தீர்க்க வேண்டியவற்றை உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்க இயலாது. ஆதலின், வழக்கைத் தொடுக்குமுன் உரிய மன்றம் எதுவெனத் தேர்தல் இன்றியமையாதது.

குடிமனைக்கும் காப்பு உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையில் எரிந்த துயரம் நாம் மறக்கவியலாதது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், அவ்வாண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் மனை கொண்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்க்கு அம்மனையை உரிமையாக்கியது. மேலும், அமைதியாக நிலைபெற்ற அனுபோகத்தில் இருப்பவரைச் சட்ட வழியிலன்றி வெளியேற்றுதல் கூடாது என 2003இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் வலியுறுத்தியது.

அனுபோகத்தை மெய்ப்பிப்பது எவ்வாறு? பயிரை மாடு மேய்ந்தால் வேலியைக் கேட்போம். உரிமையை வழக்கு மேய்ந்தால் ஆவணத்தையே கேட்பர். குத்தகைப் பதிவேட்டில் பெயர், ஆண்டுதோறும் குத்தகை ரசீது, கிராம அடங்கலின் நகல் ஆகியவையே உழவரின் வேலி. நெல் அளந்த அன்றே ரசீது பெறுதல் அவநம்பிக்கையன்று. அது இரு தரப்பாருக்கும் அரண்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறை பணிக்கிறது. ஒரு சாண் நிலத்தையும் அநியாயமாய்க் கவர்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். நிலமுடையோரும் உழுவோரும் இவ்விரண்டையும் நெஞ்சிற் கொண்டால், நீதிமன்றப் படிகளில் கழியும் பருவங்கள் வயலுக்கே மீளும். கற்ற இளைஞர்கள் தத்தம் ஊர் உழவர்க்கு இதனை எடுத்துரைப்பார்களாக!