கேரவனில் அதர்ட்டன் மலைக்குப் போகுமுன்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், கெய்ர்ன்ஸ் நகரத்துக்குத் தெற்கே கோர்டன்வேல் என்றொரு கரும்பு விளையும் ஊர். அங்கிருந்து அதர்ட்டன் மேட்டுநிலத்துக்கு ஏறும் கில்லிஸ் சாலையில் 19 கிலோமீட்டருக்குள் 263 வளைவுகள் இருக்கின்றன. ஏறி முடித்தால் காற்றே வேறு. எரிமலை வாயில் தேங்கிய ஏரிகள், பால்மாட்டுப் பண்ணைகள், திரைச்சீலைபோல விழுது இறக்கி நிற்கும் யுங்கபரா அத்திமரம், மில்லா மில்லா அருவி. இவற்றைச் சுற்றி, 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மழைக்காடு. ஜூன், ஜூலை பள்ளி விடுமுறையில் மெல்பர்ன், சிட்னி தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்போது இங்கே வருகின்றன. கெய்ர்ன்ஸில் வீட்டுவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

போகுமுன் எல்லோரும் கேட்பது முதலையையும் பாம்பையும் பற்றித்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் குடும்பங்களை மாட்டிவிடுபவை பெரும்பாலும் சாதுவாகத் தெரியும் விஷயங்கள்: வண்டிக்குள் விரித்த படுக்கை, வெயிலில் மின்னும் ஓடை, கவுண்டரில் நீட்டப்படும் காகிதம்.

படுக்கையிலிருந்தே தொடங்குகிறேன். நீண்ட பயணத்தில் பாட்டிக்கு முதுகு வலிக்கிறது, "சித்த நேரம் படுத்துக்கங்கம்மா" என்று பின்னால் படுக்க வைப்பது நமக்கு இயல்பு. ஓடும் வண்டியில் அது சட்டவிரோதம். ஒவ்வொருவரும் பெல்ட் உள்ள இருக்கையில், பெல்ட் போட்டுத்தான் உட்கார வேண்டும். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் என்றால் ஓடும்போது அதற்குள் யாருமே இருக்கக் கூடாது. இந்த ஊர்கள் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பெல்ட் அபராதம் 1,000 டாலருக்கு மேல். பயணி போடாவிட்டாலும் ஓட்டுநர் பதில் சொல்ல வேண்டும். சாலையோரக் கேமராக்கள் இதைப் படமே எடுத்துவிடும். அபராதத்தை விடுங்கள். மலைச்சாலையில் ஒரு திடீர் பிரேக் போதும், படுத்திருக்கும் 70 வயது உடம்பு சமையல் மேடையில் போய் மோத.

குழந்தை இருக்கையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆறு மாதம் வரை பின்னோக்கிய இருக்கை, நான்கு வயது வரை தோள்வார் உள்ளேயே பொருத்திய இருக்கை, ஏழு வயது வரை குறைந்தது பூஸ்டர் என்பது விதி. இருக்கையில் ஏ.எஸ்/என்.இசட்.எஸ் 1754 என்ற தரக்குறி இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ கொண்டுவந்தது எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இங்கே செல்லாது. இதைவிட முக்கியம், குழந்தை இருக்கையின் தலைப்பக்கத்திலிருந்து போகும் பட்டையை மாட்ட வண்டியில் ஒரு கொக்கிப் புள்ளி வேண்டும். பல வீட்டுவண்டிகளில் சாப்பாட்டு மேசையை ஒட்டிய பின்னிருக்கையில் அந்தப் புள்ளியே கிடையாது, சிலவற்றில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான். "ஆறு பேர் படுக்கலாம்" என்ற விளம்பரத்துக்கும் ஆறு பேர் சட்டப்படி பயணிக்கலாம் என்பதற்கும் சம்பந்தமில்லை. முன்பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதைச் சொல்லி, எந்த இருக்கையில் எத்தனை கொக்கிகள் உள்ளன என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும் இடத்தில் அந்த இருக்கை இல்லையென்றால், சொன்னபடி இல்லாத பொருளைத் தருகிறார்கள் என்று பொருள். வேறு வண்டியோ பணமோ கேட்கும் உரிமை அப்போது உங்களுக்கு இருக்கிறது.

மொத்த எடை 4.5 டன் வரையுள்ள வீட்டுவண்டியைச் சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டலாம். அதற்காக அது காரைப்போல நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீர்த் தொட்டி, அரிசி, கிரைண்டர், ஆறு பேர் சாமான் என்று ஏற்றியபின் மலை இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். குறைந்த கியரில் வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்க வேண்டும். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிடுங்கள், அவசரப்பட்டு யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். என்னைக் கேட்டால், பெரிய வண்டிக்கும் இழுக்கும் கேரவனுக்கும் கில்லிஸ் சாலை வேண்டாம். இன்னிஸ்ஃபெயிலிலிருந்து மில்லா மில்லாவுக்கு ஏறும் பாமர்ஸ்டன் நெடுஞ்சாலை சற்றுச் சுற்று, ஆனால் அகலம், சாய்வும் குறைவு. இழுத்துச் செல்பவர்கள் கேரவனின் எடை, காரின் இழுவைத் திறன் இரண்டையும் தகட்டில் பார்த்துக் கொள்ள வேண்டும். ஏற்றிய எடை 750 கிலோவைத் தாண்டினால் கேரவனுக்கே பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

இனி தண்ணீர். இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

இந்த மேட்டுநிலத்தின் கிழக்கு விளிம்பில் குயின்ஸ்லாந்தின் மிக உயரமான மலை நிற்கிறது, 1,622 மீட்டர் உயரமுள்ள பார்ட்டில் ஃப்ரியர். பக்கத்து மலை பெல்லெண்டன் கெர். அதன் உச்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 8,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வது 1,400 மில்லிமீட்டர் அளவுதான். இந்த மலைகளின் உச்சியில் கொட்டும் மழை, அடிவாரத்தில் பாபிண்டா, ஜோசஃபின் அருவி போன்ற இடங்களில் ஓடையாக வந்து சேர்கிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். குழந்தைகள் முட்டளவு நீரில் விளையாடுவார்கள். மேலே பெய்தது யாருக்கும் தெரியாது. நிமிடங்களில் நீர்மட்டம் ஏறும், தெளிந்த நீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும். இரைச்சல் கூடுவதோ நிறம் மாறுவதோ தெரிந்தால் துண்டு, செருப்பு, செல்போன் எதையும் எடுக்கத் திரும்பாமல் கரையேற வேண்டும். பாபிண்டாவில் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே நீர் சுழித்து அடியில் புகும். டெவில்ஸ் பூல் என்னும் அந்தப் பகுதியில் பல இளைஞர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். குளிக்க அனுமதித்த இடம் அதே ஊரில் தனியாக இருக்கிறது. தடுப்பைத் தாண்டிப் பாறைமேல் நின்று படம் எடுக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் காவலர் விசில் அடித்து விரட்டுவார். இங்கே விசில் அடிக்க ஆள் இல்லை, பலகை மட்டும்தான்.

மேலே ஈச்சம் ஏரியில் குடும்பங்கள் நீந்துவது வழக்கம். சமவெளிக்கு இறங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. கெய்ர்ன்ஸுக்கு வடக்கே ஓடும் டெயின்ட்ரீ ஆறும் அதற்கு அப்பால் உள்ள ஓடைகளும் கடற்கரையும் உப்புநீர் முதலையின் வாழிடம். 2016 மே மாதம் தோர்ன்டன் கடற்கரையில் இரவில் இடுப்பளவு நீரில் இருந்த ஒரு பெண்ணை முதலை இழுத்துச் சென்றது. பலகை இல்லாத இடத்தில் முதலை இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. நீரோரத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். 50 மீட்டருக்குள் கூடாரமோ படுக்கையோ போடாதீர்கள். மீன் கழுவிய நீர், மிச்சச் சோறு எதையும் கரையில் கொட்டாதீர்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலுக்குப் பின் பெய்த மழையில் கடலோரச் சாலை பல இடங்களில் சரிந்தது, டெயின்ட்ரீக்கு வடக்கே மலைப்பாதை அடைபட்டது, வுஜல் வுஜல் ஊரையே காலி செய்தார்கள். சாலை நிலவரம் 13 19 40 என்ற எண்ணில் தெரியும். சாலைமேல் வெள்ளம் ஓடினால் ஆழம் பார்க்க வேண்டாம், திரும்பிவிடுங்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் நீரில் மூழ்கிய வண்டிக்கு எந்தக் காப்பும் இருக்காது.

காட்டைப் பற்றிச் சுருக்கமாக. நடைபாதையை விட்டு விலகாதீர்கள். காடு வெட்டுப்பட்டு வெயில் விழும் ஓரங்களில் கிம்பி-கிம்பி என்னும் செடி வளரும். இதயவடிவ அகன்ற இலை, ஓரத்தில் ரம்பப் பல், மேலே வெல்வெட் போன்ற மெல்லிய சுணை. பிள்ளைகள் ஆசையாகத் தடவிப் பார்க்கத் தோன்றும் இலை அது. தொட்டால் சுணை தோலில் ஏறி, வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும். தேய்க்கக் கூடாது. முடி நீக்கும் மெழுகுப் பட்டையை ஒட்டி இழுத்தால் சுணை ஓரளவு வரும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். பாம்பு கடித்தால் நம் ஊரில் இன்னும் சிலர் செய்வதுபோலக் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது, கழுவவும் வேண்டாம். விரலிலிருந்து மேல்வரை அகலமான பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, 000 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். கேசோவரிப் பறவைக்குத் தீனி போடுவது குற்றம். அதற்குப் பழகிய பறவைதான் மனிதரை நெருங்கும், காரில் அடிபட்டுச் சாகும். எதிரே வந்தால் முதுகு காட்டி ஓடாமல், பையை முன்னால் பிடித்தபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

வெப்பமண்டலம் என்று நம்பிப் போர்வை இல்லாமல் வருபவர்களை ரேவன்ஸ்ஹோ போன்ற ஊர்களின் ஜூலை இரவு நடுங்க வைக்கும். அப்போது ஜன்னலை அடைத்துக் கேஸ் அடுப்பைக் கணப்பாக எரிப்பதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். கரி அடுப்பையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. இன்னும் இரண்டு கம்பளி வாங்குங்கள்.

பாட்டிக்கு நெஞ்சு வலி வந்தால்? 000 அழைக்கத் தயங்க வேண்டாம். தமிழ் மட்டுமே தெரிந்தவர் அழைத்தாலும் "ஆம்புலன்ஸ், தமிழ்" என்ற இரண்டு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதர்ட்டனிலும் மரீபாவிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு, பெரிய சிகிச்சைக்குக் கெய்ர்ன்ஸ். ஆனால் செலவு யாருடையது என்பது வேறு விஷயம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவோடு மருத்துவ ஒப்பந்தம் இல்லை. பார்வையாளர் விசாவில் வந்த பெற்றோருக்கு மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பு கிடையாது, முழுப் பில்லும் வரும். ஆம்புலன்ஸ் குயின்ஸ்லாந்துவாசிகளுக்கு மட்டும் இலவசம். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ்காரர்கள் சொந்த மாநிலத்தின் சந்தாவோ தனிக் காப்பீடோ எடுத்திருக்க வேண்டும். பெற்றோருக்கு விமானச் சீட்டு எடுக்கும் அன்றே காப்பீடும் எடுங்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கை தள்ளப்படும்.

கடைசியில் அந்தக் காகிதம். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் "முழுக் காப்பு" என்று விற்பதற்கும் சில விலக்குகள் உண்டு: கூரையில் கிளை உரசியது, வண்டியின் அடிப்பாகம், தண்ணீர், மண்சாலை. கேப் டிரிபியூலேஷனுக்கு வடக்கே புளூம்ஃபீல்ட் பாதையில் வாடகை வீட்டுவண்டி போனால் காப்பு முழுவதும் போகும். விலக்குப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் சரி. வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் கூரை உட்பட வீடியோ எடுங்கள். ஏணி கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த பொருளுக்கும் அது பொருந்தும். வண்டி பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குளிர்பெட்டி, அடுப்பு, பிரேக் எது கெட்டாலும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பெரிய குறை என்றால் வேறு வண்டியா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். "எந்த நிலையிலும் பணம் திரும்பாது" என்ற பலகையாலோ வரியாலோ இந்த உரிமையைப் பறிக்க முடியாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளுக்கு 2023 நவம்பர் முதல் அபராதமே உண்டு. ஆனால் மழைக்குப் பயந்து நீங்களே பயணத்தை நிறுத்தினால் சட்டம் உதவாது, ரத்து விதிதான் பேசும்.

வீடு திரும்பியபின் கார்டில் திடீரென்று சேதத் தொகை பிடித்திருந்தால் புகைப்படம், பழுதுக் கணக்கு, சேதம் நடந்த தேதி மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் தரலாம். அடுத்து 13 74 68 எண்ணில் குயின்ஸ்லாந்தின் நியாய வணிக அலுவலகம், அது கட்டணமின்றிச் சமரசம் பேசும். பயணக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே புகார், 30 நாளில் தீராவிட்டால் ஆஃப்கா எனப்படும் நிதிப் புகார் ஆணையம். அதுவும் இலவசம். எதுவும் பலிக்காவிட்டால் க்யூகாட் என்னும் தீர்ப்பாயம் இருக்கிறது. 25,000 டாலர் வரையுள்ள சிறு வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம், மெல்பர்னிலிருந்தபடி தொலைபேசியில் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். ஆங்கிலம் தடுமாறினால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக இந்த அலுவலகங்களோடு பேசலாம்.