அநுபவமும் ஆய்வு முறையும்: ஓட்டிசம் பற்றிய பண்புசார் ஆய்வுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒரு மனிதக் குழுவினரைப் பற்றிய அறிவு, அவர்தம் குரலை விலக்கிவிட்டு உருவாகுமெனின், அவ்வறிவின் சமூக அடித்தளம் யாது என வினவுதல் வேண்டும். ஓட்டிசம் பற்றிய ஆய்வு வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1943இல் அமெரிக்காவின் பால்ரிமோரில் பணியாற்றிய லியோ கன்னர் 11 சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கமாகப் பெரிதும் கொள்ளப்படுகின்றது. அச்சிறுவர்கள் அறிவாற்றல் மிக்க குடும்பங்களைச் சேர்ந்தோர் என அவரே குறித்தார். மருத்துவ நிபுணரை அணுகும் வாய்ப்பு அன்று எவ்வர்க்கத்தினர்க்கு இருந்தது என்பதை மனங்கொள்ளின், இக்கூற்று ஓட்டிசத்தின் இயல்பைவிட மாதிரித் தெரிவின் இயல்பையே காட்டுகின்றது எனலாம். 1967இல் புறூனோ பெற்றல்ஹைம் பழியைத் தாய்மார் மீது சுமத்தினார். இவ்விரு எழுத்துகளிலும் ஓட்டிசமுடையோர் நோக்கப்படுவோரேயன்றித் தம் அநுபவத்தை விளக்குவோரல்லர்.

1993இல் ஜிம் சின்கிளயர் ஓட்டிசமுடையவராக நின்று பெற்றோரை நோக்கி எழுதினார். 2012இல், தாமும் ஓட்டிசமுடையவரான சமூகவியலாளர் டேமியன் மில்ரன், 'இரட்டைப் பரிவுணர்வுச் சிக்கல்' என்னும் கருத்தை முன்வைத்தார். புரியாமை ஒருவரிடத்துள்ள குறையன்று. இரு சாராரின் உறவிடை நிகழ்வது என்பதே அதன் சாரம்.

இக்கருத்து நேர்காணல் முறையையே விசாரணைக்குள்ளாக்குகின்றது. முகம் நோக்கிப் பேசல், உடன் விடையிறுத்தல், பரந்த வினாவின் உட்கிடையை ஊகித்தல் ஆகியன பெரும்பான்மையோரின் வழக்கங்கள். அவற்றை அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வாளர், மௌனத்தை அநுபவமின்மை எனப் பிழைபடக் கொள்வர். வினாக்களை முன்கூட்டியே கொடுத்தல், எழுத்தில் விடை பெறல், ஒளிப்படம், ஓவியம் முதலியவற்றைத் துணைக்கொள்ளல், போதிய கால அவகாசம் அளித்தல் என்பன ஆய்வாளர் காட்டும் சலுகைகளல்ல. தரவின் செம்மைக்கான நிபந்தனைகளாம்.

எனினும், தன்னநுபவக் கூற்று தானாகவே முழு உண்மையாகிவிடாது. வேலைத்தலத்தில் தம்மியல்பை மறைத்துக் களைப்புறும் ஒருவரின் கூற்றை, அம்மறைப்பைக் கட்டாயமாக்கும் தொழில் உறவுகளோடு இணைத்தே விளக்குதல் வேண்டும். மேலும், சரளமாகப் பேசவும் எழுதவும் வல்லோரே நேர்காணலுக்கு எளிதிற் கிட்டுகின்றனர். பேச்சற்றோரும், வறுமையால் நோய்நிர்ணயமே பெறாதோரும் விடுபடுகின்றனர். அவர்களை விலக்கிய ஆய்வு, கன்னரின் மாதிரித் தெரிவை வேறோர் உருவில் மீளச் செய்வதாகவே முடியும்.

ஆகவே, எவ்வாறு வினவுவது என்பதோடு, யார் வினாவை வகுப்பது என்பதும் முறையியற் பிரச்சினையே. ஆய்வுக்குட்பட்டோர் ஆய்வின் நோக்கத்தைத் தீர்மானிப்பதிற் பங்குபெறும்போதே அவர்தம் சொல் வெறுந் தரவாகாது அறிவாகின்றது.